மாநிலச் சராசரிக்குள் மறைந்துபோகும் பெண்கள்

மலேசியாவின் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வின் முடிவுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும், எந்த மாநிலத்தில் பருமனானவர்கள் அதிகம் என்ற கேள்விதான் நாளிதழ்களில் பெரிய எழுத்தில் வருகிறது. 2015ஆம் ஆண்டு ஆய்வில் புத்ராஜெயா முன்வரிசையில் இருந்தது. அடுத்தடுத்த ஆய்வுகளில் வரிசை மாறியது. ஆனால் கோலாலம்பூரில் செந்தூல், பந்தாய் டாலாம், கெப்போங் பக்கத்து அடுக்குமாடிகளில் வாழும் நம் இந்தியப் பெண்களுக்கு இந்தப் பட்டியலால் தெரியவருவது மிகக் குறைவு. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் ஒரு பெண்ணின் எடை ஏன் கூடுகிறது என்பதற்கான விடை, அவள் எந்த மாநிலத்தில் இருக்கிறாள் என்பதைவிட எந்தக் கட்டடத்தில் இருக்கிறாள், எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறாள், கீழ்த்தளத்துக் கடையில் என்ன விற்கிறார்கள், அவளுடைய பாட்டி எதைத் தின்று வளர்ந்தாள் என்பதில் இருக்கிறது. வட்டார வேறுபாடு என்று ஆய்வாளர்கள் பேசுவதை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் நமக்குப் பயன்படும்.

முதலில் நாடு முழுமைக்குமான கணக்கு. 1996இல் மலேசியப் பெரியவர்களில் பருமன் என்ற நிலையை எட்டியவர்கள் 4.4 விழுக்காடு. 2019இல் 19.7, 2023இல் 21.8. கூடுதல் எடையையும் சேர்த்துப் பார்த்தால் 2019இல் 50.1 விழுக்காடு, 2023இல் 54.4. ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. 2019 ஆய்வில் பெண்களிடையே கூடுதல் எடையும் பருமனும் சேர்ந்து 54.7 விழுக்காடு, இந்தியர்களிடையே 63.9. இனவாரியாகப் பார்த்தால் நாம்தான் முதலிடம். தொப்பையை மட்டும் அளந்தபோது பெண்களில் 64.8 விழுக்காட்டினருக்கும் இந்தியர்களில் 68.3 விழுக்காட்டினருக்கும் இடுப்புச் சுற்றளவு எல்லையைத் தாண்டியிருந்தது. நீரிழிவிலும் அதே வரிசைதான். நாட்டின் சராசரி 18.3; நம்முடையது 31.4.

இந்த எண்களில் பெண், இந்தியர் என்ற இரண்டு வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் நம் அக்காமார், தங்கைமார், மருமகள்கள் நிற்கிறார்கள். அவர்களில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களைத்தான் உலகச் சுகாதார நிறுவனம் பிள்ளை பெறும் வயதினர் என்று கணக்கில் கொள்கிறது. இந்த வயதுக்காரர்களின் எடைமீது தனிக் கவனம் வேண்டும் என்று சொல்வதற்கு அழகு காரணமல்ல. அந்த எடையின் விளைவு அவளோடு நிற்காமல் அடுத்த உடலுக்கும் போகிறது என்பதுதான் காரணம்.

எந்தக் கோட்டைத் தாண்டினால் பருமன்?

பிஎம்ஐ என்று கிளினிக்கில் சொல்வது, எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைக்கும் எண். உலக அளவில் 25 முதல் கூடுதல் எடை, 30 முதல் பருமன். ஆசிய உடலுக்கு இந்தக் கோடு பொருந்தவில்லை என்று 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23, 27.5 என்ற இரண்டு எச்சரிக்கைப் புள்ளிகளை வைத்தது. மலேசியாவின் மருத்துவ வழிகாட்டியும் இவற்றையே ஏற்றுக்கொண்டது.

இது நடைமுறையில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஐந்தடி ஓரங்குலம், அதாவது 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண். நம்மிடையே மிகச் சாதாரணமான உயரம். அவளுக்கு 55 கிலோவைத் தாண்டும்போதே 23 வந்துவிடுகிறது. 60 கிலோவில் 25. 66 கிலோவில் 27.5. 72 கிலோவில்தான் 30. அவள் 67 கிலோ இருந்தால் உலகக் கோட்டின்படி 'கொஞ்சம் கூடுதல் எடை'. மலேசிய வழிகாட்டியின்படி பருமன். மேலே சொன்ன தேசிய விழுக்காடுகள் 25, 30 என்ற உலகக் கோட்டை வைத்து எடுத்தவை. ஆசியக் கோட்டைப் போட்டால் எண்ணிக்கை இன்னும் மேலே போகும். "எனக்கு என்ன, சும்மா கொஞ்சம் சதை போட்டிருக்கேன்" என்று சொல்லும் பெண்களில் பலர் இந்த 55 கிலோவுக்கும் 66 கிலோவுக்கும் நடுவே இருப்பவர்கள். ஆபத்து தொடங்கும் இடமும் அதுதான். அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால், எடை பார்க்கும் இயந்திரத்தைவிட அது நல்ல துணை: பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

நம் உடல் ஏன் இவ்வளவு குறைந்த எடையிலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது என்பதற்கு புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் செய்த வேலை முக்கியமானது. 2003இல் அவர்கள் புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பிறப்பு எடை சௌத்தாம்ப்டனில் சராசரி 3.5 கிலோ, புனேயில் 2.7 கிலோ. உறுப்புகளும் தசையும் சிறுத்திருந்தன. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரியும், ஆனால் உள்ளே கொழுப்பு சேர்த்து வைத்திருக்கும் உடல். பல தலைமுறையாக அரைவயிற்றுக்கு உண்ட தாய்மார் பெற்ற பிள்ளைகளின் உடல் பசிக்கு ஏற்பத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பின்னால் சோறும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் அந்தத் தயாரிப்பே வினையாகிறது. ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டிமார் உண்டதும் உழைத்ததும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு ஊர் யார் பருமனாகிறார்கள்?

ஏழை நாடுகளில் பருமனானவள் பணக்காரி. பணக்கார நாடுகளில் பருமனானவள் பெரும்பாலும் ஏழை. பிரேசிலைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவினர் 2004இல் வளரும் நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருவருக்கான ஆண்டு தேசிய வருமானம் ஏறத்தாழ 2,500 அமெரிக்க டாலரைத் தொடும் கட்டத்திலேயே பெண்களிடம் பருமன் வசதி குறைந்தவர்கள் பக்கம் சாயத் தொடங்குவதைக் கண்டார்கள். ஆண்களிடம் இந்தச் சாய்வு இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. மலேசியா அந்தக் கோட்டைத் தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. ஆகவே கோலாலம்பூரில் பருமனை வசதியின் அடையாளமாக இன்னும் பேசிக்கொண்டிருப்பது பழைய காலத்துக் கணக்கு.

தமிழ்நாட்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் உணவுப் பழக்கத்தின் வேர் அங்கே. இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயதுப் பெண்களை நேரடியாக அளப்பதால் இந்தப் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. 2019–21 ஆய்வில் கூடுதல் எடையோ பருமனோ உள்ள பெண்களின் இந்தியச் சராசரி 24 விழுக்காடு. ஜார்க்கண்டில் 11.9, பீகாரில் 15.9, கேரளத்தில் 38.1, டெல்லியில் 41.3. தமிழ்நாட்டில் 40.4. அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் தமிழ்நாடு 30.9தான். சில ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்ட பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் ஏறியிருக்கிறது. அதே மாநிலத்தில், அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை. உடம்பு பெருத்திருக்கிறது, இரத்தம் வற்றியிருக்கிறது. வயிறு நிறைவதற்கும் சத்து சேர்வதற்கும் இடையில் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கை நான் பார்த்ததில்லை. மலேசியாவிலும் 2019இல் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்தது.

நகரம் கெடுக்கிறது, கிராமம் காக்கிறது என்ற எண்ணமும் இனிச் செல்லாது. உலகம் முழுவதிலுமிருந்து உயர, எடை அளவுகளைத் திரட்டி 2019இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு, 1985 முதல் 2017 வரை உலகின் சராசரி பிஎம்ஐ உயர்ந்ததில் பாதிக்கும் மேலான பங்கு கிராமங்களுடையது என்று காட்டியது. டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் பாக்கெட் உணவும் கிராமத்துக்கு வந்துவிட்டன. பிசைந்து அரைத்து இடித்து நடந்த வேலை போய்விட்டது.

பிரட்டுக் களத்திலிருந்து பிபிஆர் வரை

கோலாலம்பூரில் இந்த மாற்றத்துக்கு ஒரு தனிப் பாதை உண்டு. தோட்டத்தில் விடிவதற்கு முன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், இருட்டிலேயே மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளி சுமந்து வந்த பெண்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டவர்கள். அந்த உழைப்புக்கு எவ்வளவு சோறு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை. ரப்பர் செம்பனையானது, பிறகு தோட்டங்களே வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் தோட்டம்தான். 1998 காமன்வெல்த் போட்டிகளுக்கு எழுந்த தேசிய விளையாட்டு வளாகம் இன்று அங்கே நிற்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வந்தவர்கள் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். பிறகு நகரப் புறம்போக்குகளை ஒழிக்கும் திட்டத்தில் பிபிஆர் எனப்படும் மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்). மூன்று அறை. பதினைந்து, பதினாறு மாடிக்கு மேலே.

உழைப்பு போய்விட்டது, சோற்றின் அளவு அப்படியே இருக்கிறது என்று பலர் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க, பேரங்காடி ஒன்றில் துப்புரவு வேலை செய்யும் முப்பது வயதுத் தாயின் நாளை எடுத்துக்கொள்வோம். எந்த மாடியில் கதவைத் தட்டினாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைகளைப் பள்ளி வேனுக்குத் தயார் செய்கிறாள். சமைக்க நேரமில்லை. ஆறே முக்காலுக்குக் கீழ்த்தளத்துக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் தே, அதாவது தேநீர். ஒரு ரொட்டிக்கு ஏறத்தாழ 300 கலோரி; தேயில் கட்டிப்பால். பேருந்து, பிறகு எல்ஆர்டி நகர ரயில். எட்டு மணி நேரம் நிற்கிறாள், குனிகிறாள், தள்ளுகிறாள். இது உழைப்புதான், ஆனால் மூச்சு வாங்கும் உழைப்பு இல்லை. கால் வீங்கும் உழைப்பு. மதியம் வாங்கும் சோற்றுக்கு இரண்டு வெள்ளி கூடினால் மீன் துண்டு, குறைந்தால் குழம்பும் பொரித்த முட்டையும். மாலை ஏழரைக்கு வீடு. பிள்ளைகளுக்கு மெகி நூடுல்ஸ் அல்லது பொரித்த கோழி. எல்லாரும் தின்று முடித்தபின் ஒன்பதரைக்கு, மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் அவள் தின்கிறாள். பகலில் குறைவாகவும் இரவில் மொத்தமாகவும் உண்பது, ஐந்தாறு மணி நேரத் தூக்கம், அடுத்த மாதச் செலவு பற்றிய கவலை. இந்த மூன்றும் சேர்ந்தால் அரிசியைக் குறைத்தாலும் இடுப்பு குறையாது.

கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது தாதி, சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "சோத்தைக் குறைங்க அக்கா, கொஞ்சம் நடங்க." சொல்வதில் தவறில்லை. நடப்பது எங்கே? மின்தூக்கி பழுதானால் இறங்கவே மனம் வராத உயரம்; கீழே மோட்டார் சைக்கிள்கள் நிறைந்த முற்றம்; இருட்டிய பிறகு தனியாக நடக்கத் தயங்கும் பாதை. தித்திவங்சா ஏரியைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்கள் நடக்க நேரம் உள்ளவர்கள். நேரம் என்பது இந்த நகரத்தில் கோழியையும் மீனையும் விட விலை கூடிய பொருள்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு சீனிக்கு விலைக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய்க்கு உதவித்தொகை கொடுத்து 2.50 வெள்ளிக்கு விற்க வைக்கிறது. இரண்டுமே ஏழைகளைக் காப்பதற்காக வந்தவை, அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கீரைக்கும் பயற்றங்காய்க்கும் ஆரஞ்சுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஒரு வெள்ளிக்கு எதில் அதிகக் கலோரி கிடைக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டிய கட்டாயத்தில் உள்ள பெண் எண்ணெயையும் மாவையும் சீனியையும்தான் எடுப்பாள். 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024இல் 50 சென்னாகவும் 2025இல் 90 சென்னாகவும் உயர்ந்தது. நல்ல முடிவு. அது டின்னிலும் பாட்டிலிலும் வரும் பானத்துக்கு. இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கும் ரோஜா சிரப்பு கலந்த பண்டூங்குக்கும் அந்த வரி பொருந்தாது. நம் மக்கள் குடிக்கும் சீனியில் பெரும்பங்கு கடைக்காரர் கரண்டியில்தான் வருகிறது என்பது என் கணிப்பு. 2019 ஆய்வில் பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய காய், பழம் உண்ணவில்லை என்று வந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

யுனிசெஃப் 2018இல் கோலாலம்பூர், சிலாங்கூர் மலிவு விலை அடுக்குமாடிகளில் எடுத்த ஆய்வு இதைப் பிள்ளைகளின் உடலில் காட்டியது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். இது கோலாலம்பூர் சராசரியைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அதே மாடிகளில் 23 விழுக்காட்டுப் பிள்ளைகள் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள். ஒரே படிக்கட்டில் இரண்டு பக்கத்து வீடுகள், சில சமயம் ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும். இன்று உயரம் குன்றிய சிறுமி இன்னும் பதினைந்து ஆண்டில் பிள்ளை பெறும் வயதுக்கு வருவாள். குட்டையான, தசை குறைந்த உடலில் எடை ஏறும்போது சர்க்கரை சீக்கிரம் வரும்.

சராசரி எப்படி மறைக்கிறது

மாநிலப் பட்டியலை ஏன் நம்ப முடியாது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஓர் ஊரில் பத்தில் ஒருவர் இந்தியர் என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரின் நிலை ஏறத்தாழ அப்படித்தான். அவர்களில் 64 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 50 விழுக்காட்டினரும் கூடுதல் எடை உள்ளவர்கள் என்றால், ஊரின் சராசரி 51.4. நம் சமூகத்தில் 14 புள்ளி வேறுபாடு இருந்தும் ஊரின் எண்ணில் 1.4தான் தெரிகிறது. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் நம்மவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாததால் அதுவும் தெரியாது. நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேராக், பினாங்கு போன்ற மாநிலங்களின் எண்ணில் ஒரு பகுதி அந்த மண்ணின் தன்மை. இன்னொரு பகுதி அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மாநிலங்களை வரிசைப்படுத்துவது பாதி வேலை. பல நாடுகளில் ஆய்வாளர்கள் இப்போது வயது, கல்வி, வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சமப்படுத்திய பிறகும் எந்த வட்டாரத்தில் ஆபத்து கூடுதலாக நிற்கிறது என்று பார்க்கிறார்கள். அப்படி மிஞ்சுவதுதான் உண்மையான வட்டார வேறுபாடு: கடைகளின் அடர்த்தி, நடைபாதை, வேலையின் வகை, விலை.

நம்மைப் பொறுத்தவரை அந்த அளவுக்கு இறங்கிப் பார்க்கத் தரவே போதாது. நாடு முழுவதற்கும் பத்தாயிரம் சொச்சம் பெரியவர்களை அளக்கும் ஓர் ஆய்வில் கோலாலம்பூரின் பங்கு 700 பேர் என்று வைத்தால், பெண்கள் 350. அதில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 230. அதில் இந்தியர்கள் இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று பேரை வைத்துப் பந்தாய் டாலாமையும் பங்சாரையும் ஒப்பிட முடியுமா? இரண்டுக்கும் இடையே ஒரு நெடுஞ்சாலையும் சில கிலோமீட்டரும்தான். வாழ்க்கை வேறு. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிட இந்த இரண்டு குடியிருப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை அளக்க வேண்டும் என்று கேட்பது நம் அமைப்புகளின் வேலை. அடுக்குமாடி வாரியாக, வயது வாரியாக, இனவாரியாக எடையும் இடுப்பளவும் எடுக்க ஒரு பெரிய நிதியும் தேவைப்படாது.

பிரசவத்துக்கு முன்னும் பின்னும்

கருவுற்ற பிறகு முதன்முறையாக அரசுக் கிளினிக்குக்குப் போகும்போது பிங்க் புத்தகத்தில் உயரமும் எடையும் எழுதப்படுகின்றன. பல பெண்களுக்கு வளர்ந்த பிறகு யாரோ ஒருவர் எடையை அளந்து எழுதிவைப்பது அதுவே முதல் தடவை. அதற்குள் எட்டு, பத்து வாரம் கடந்திருக்கும். கூடுதல் எடையோடு கருவுறும் பெண்ணுக்குக் கர்ப்பகால நீரிழிவு, இரத்த அழுத்தத்தோடு வரும் ப்ரீஎக்லாம்ப்சியா, கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைதல், அறுவைப் பிரசவம் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தைக்கு முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவதும், குறித்த நாளுக்கு முன் கருவிலேயே இறப்பதும் இந்த ஆபத்துகளில் அடங்கும். முதுகுத்தண்டு மூடுவது கருவின் முதல் மாதத்தில், பல பெண்களுக்குக் கருவுற்றதே தெரியாத நாட்களில். அதனால்தான் கருத்தரிப்பதற்கு முந்தைய ஆறு மாதம் இவ்வளவு முக்கியம்.

மலேசிய வழிகாட்டியில் கர்ப்பகால நீரிழிவுக்கான சோதனை 75 கிராம் குளுக்கோஸ் நீர் குடித்து எடுப்பது. இரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல் அல்லது இரண்டு மணி நேரத்துக்குப் பின் 7.8 அல்லது அதற்கு மேல் வந்தால் நீரிழிவு. ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களுக்கு முதல் வருகையிலேயே எடுக்கிறார்கள். மற்றவர்களில் 25 வயதைத் தாண்டியவர்களுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள். "அந்தச் சீனித் தண்ணி" என்று நம் பெண்கள் முகம் சுளிப்பது இதைத்தான். அதைத் தவிர்க்கக் கூடாது. கர்ப்பகாலத்தில் எவ்வளவு எடை ஏறலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 2009இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்டு உலகெங்கும் கையாளப்படும் அளவின்படி, இயல்பான எடையோடு தொடங்குபவருக்கு 11.5 முதல் 16 கிலோ. கூடுதல் எடை உள்ளவருக்கு 7 முதல் 11.5, பருமனானவருக்கு 5 முதல் 9. "இரண்டு பேருக்காகச் சாப்பிடு" என்ற பெரியவர்களின் அன்பு இந்த மூன்றாவது வரிசைக்காரிக்குப் பொருந்தாது.

பிரசவத்துக்குப் பிறகு வரும் பத்தியச் சாப்பாட்டை மருத்துவர்கள் சிலர் குற்றம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்டுக்கோழியும் பூண்டும் மீனும் கொண்ட நாற்பது நாள் உணவு, புரதம் குறைந்த நம் தினசரிச் சாப்பாட்டைவிட நல்லது. நல்லெண்ணெயின் அளவையும், பால் ஊற வேண்டும் என்று மூன்று வேளையும் கலக்கித் தரும் இனிப்பு மால்ட் பானத்தையும் குறைத்தால் போதும். எடை தங்குவது அதற்குப் பிந்தைய மாதங்களில். கல்யாணத்தின்போது 54 கிலோ இருந்த 155 சென்டிமீட்டர்காரி ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னும் நான்கைந்து கிலோவை இறக்காமல் விட்டால், மூன்றாவது பிள்ளைக்குப் பின் 66ஐத் தொட்டோ தாண்டியோ விடுவாள். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தாய்ப்பால் கொடுக்கவும் உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் அது உதவுகிறது. ஆனால் வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண், அங்காடியில் பூமாலை கட்டும் பெண், கிராப் செயலி வழியே பலகாரம் அனுப்பும் பெண், யாரிடமும் வேலை செய்யாதவர்கள் என்பதால், இவர்களுக்கு அந்த 98 நாள் எட்டாது.

கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவளைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிரசவமான ஆறாவது வாரத்தில் அதே குளுக்கோஸ் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. பால் கொடுத்துக்கொண்டு, தூக்கமின்றி, கையில் பிள்ளையோடு வெறும் வயிற்றில் வந்து இரண்டு மணி நேரம் காத்திருக்க எத்தனை பேரால் முடியும்? பிறகு இன்னொரு இடைவெளி. வசதி குறைந்தவர்களுக்கான பெக்கா பி40 இலவசப் பரிசோதனை 40 வயதில் தொடங்குகிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பரிசோதனையும் 40இல். 26 வயதில் கர்ப்பகால நீரிழிவு வந்த பெண் அந்த வரிசையில் நிற்கப் பதினான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். அரசுக் கிளினிக்குகளில் கருத்தரிப்புக்கு முந்தைய ஆலோசனைச் சேவை உண்டு. அதைக் கேட்டு வருபவர்களில் நம் பெண்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் வீட்டில் மண்டபத்துக்கும் புடவைக்கும் பட்டியல் போடும்போது, பெண்ணுக்கு ஒரு இரத்தச் சோதனையும் இடுப்பளவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தால் என்ன குறைந்துவிடும்? மாப்பிள்ளைக்கும் சேர்த்தே எடுக்கலாம்.

இந்த இடைவெளியை மூடப் புதிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. தடுப்பூசிக்காகக் குழந்தை 2, 3, 5, 9, 12, 18 மாதங்களில் கிளினிக்குக்கு வருகிறது. தூக்கிக்கொண்டு வருவது தாய்தான். குழந்தையை அங்கே ஒவ்வொரு முறையும் எடை போட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். அதே அறையில், அதே மிஸ்ஸி, தாயையும் எடை போட்டு இடுப்பை அளந்து எழுதலாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவளுக்கு 12ஆம் மாத ஊசியன்று விரலில் ஒரு துளி இரத்தமும் எடுத்துவிடலாம். ஆறாவது வாரச் சோதனையைத் தவறவிட்டவள் அங்கேயே பிடிபடுவாள். அடுத்த பிள்ளைக்கு முன் எடையைக் குறைக்க அவளுக்கு அப்போதும் கால அவகாசம் இருக்கும்.